ஓட்டை வைத்தவன் யார்? ஒட்டுப் போடுபவன் யார்?

கதவு திறந்துதான் இருக்கிறது. பூட்டு உடைபடவில்லை. பெட்டியில் உள்ள பணத்திலே ஒரு காசு குறையவில்லை. மூட்டையில் உள்ள அரிசியிலே ஒரு மணி சிந்தவில்லை. ஆனால் கடைக்குள் யாராலும் போக முடியவில்லை. ஏன்? எவனோ ஒருவன் ஆயிரம் பேரைத் திரட்டிக்கொண்டு வந்து ரேஷன் கடை வாசலிலே நிறுத்திவிட்டான். அவர்கள் கையிலே அட்டையும் இல்லை, பையும் இல்லை. "அரிசி இருக்கிறதா? பருப்பு இருக்கிறதா? அரிசி இருக்கிறதா?" என்று கேட்டதையே கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். எடை போடுபவரும் விடை சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்து போகிறார். அட்டையோடு வந்த தாய்மார்கள் வெறும் பையோடு வீடு திரும்புகிறார்கள்.

திருட்டு நடந்ததா? இல்லை. கொள்ளை நடந்ததா? இல்லை. ஆனால் அன்று பல வீடுகளில் உலை ஏறவில்லை!

கணிப்பொறி உலகிலே இதற்குச் சேவை மறுப்புத் தாக்குதல் என்று பெயர். ஆலைத் தோழர்களுக்கு விளங்கும்படி ஒரே சொல்லில் சொல்வதானால், கதவடைப்பு. முதலாளி அறிவிக்காத கதவடைப்பு. யார் பூட்டினார்கள் என்று தெரியாத கதவடைப்பு.

"கணிப்பொறிக்காரர்கள் கவலைப்பட வேண்டியதை நம்மிடம் ஏன் சொல்கிறீர்கள்?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேட்டிருக்கலாம், முப்பது ஆண்டுகளுக்கு முன்பு. இன்றைக்கு ரேஷன் கடையிலே கைரேகைக் கருவி இருக்கிறது. பத்திரப் பதிவுக்குக் கணிப்பொறி, மின்கட்டணத்துக்குக் கணிப்பொறி, மருத்துவமனையிலே சீட்டு வாங்கக் கணிப்பொறி, வங்கியிலே நம்முடைய காசை நாமே எடுக்கக் கணிப்பொறி. அரை நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையிலே நின்று, முறை வந்ததும் நாம் கேட்கும் சொல் என்ன? "சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள்." அந்த நாளையக் கூலியும் நம்முடையதுதானே போகிறது!

ஆகவே அந்த 'சர்வர்' ஏன் படுக்கிறது, எழுப்ப வேண்டியவர்கள் யார், எழுப்பும் மருந்து யாருடைய பெட்டியிலே பூட்டிக் கிடக்கிறது என்பதை நாமும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டதனால் நாம் இழந்தவை ஏற்கெனவே ஏராளம்.

மென்பொருள் என்பது மனிதன் எழுதுவது. மனிதன் எழுதுவதிலே பிழை இருக்கும். சில பிழை வெறும் எழுத்துப் பிழை. சில பிழை சுவரிலே விட்டுவிட்ட ஓட்டை. ஓட்டை தெரிந்ததும், எழுதிய நிறுவனம் அதை அடைக்க ஒரு சிறு திருத்தம் எழுதித் தருகிறது. அதற்கு 'பேட்ச்' என்று பெயர். நாம் சைக்கிள் டியூபுக்குப் போடுகிறோமே, அதே ஒட்டுதான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. சைக்கிளிலே ஆணி குத்தியது சாலையின் குற்றம். இங்கே டியூப் கடையிலே வாங்கும்போதே ஓட்டையாக இருந்தது.

இந்த வேறுபாட்டை மறந்துவிட வேண்டாம். பின்னால் இதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

2002-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 24-ஆம் நாள், அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதன் எண் எம்.எஸ்.02-039. 'எஸ்.க்யூ.எல். சர்வர் 2000' என்ற தன்னுடைய சரக்கிலே மூன்று ஓட்டைகள் இருப்பதாக ஒப்புக்கொண்டு, ஒட்டும் கொடுத்தது. கண்டுபிடித்துச் சொன்னவர் நிறுவனத்தின் ஆள் அல்லர்; டேவிட் லிட்ச்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்.

மூன்றிலே ஒன்று வேடிக்கையானது. அந்த மென்பொருளுக்கு ஒரு பழக்கம். 1434 என்ற எண்ணுள்ள வாயில் வழியாக, "உயிரோடு இருக்கிறாயா?" என்று பொருள்படும் ஒரு சின்னஞ்சிறு தகவல் வந்தால், அதே தகவலை வந்த முகவரிக்கே திருப்பி அனுப்பும். நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு போக்கிரி என்ன செய்கிறான்? இந்தக் கணிப்பொறிக்கு ஓர் அஞ்சலட்டை போடுகிறான். அனுப்புநர் என்ற இடத்திலே தன் முகவரியை எழுதாமல், அதே மென்பொருள் ஓடும் இன்னொரு கணிப்பொறியின் முகவரியை எழுதிவிடுகிறான். முதல் கணிப்பொறி இரண்டாவதற்குப் பதில் போடுகிறது. அந்தப் பதிலும் பார்வைக்குக் கேள்வி போலவே இருப்பதனால், இரண்டாவது முதலாவதற்குப் பதில் போடுகிறது. "இருக்கிறாயா?" "இருக்கிறாயா?" "இருக்கிறாயா?" இரண்டு காவல்காரர்கள் விடிய விடிய ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே நிற்கிறார்கள், வாசலுக்கு வந்தவர்களைக் கவனிப்பார் இல்லை. போக்கிரிக்கு ஆன செலவு ஒரே ஓர் அஞ்சலட்டை!

மற்ற இரண்டு ஓட்டைகள் வேடிக்கையானவை அல்ல. ஒரு பெயர் எழுத இவ்வளவு இடம் என்று மென்பொருள் ஒதுக்கி வைத்திருக்கிறது. வருகிற பெயர் அந்த இடத்துக்குள் அடங்குகிறதா என்று அளந்து பார்க்க, எழுதியவர் மறந்துவிட்டார். அளவுக்கு மீறி நீளமாக எழுதி அனுப்பினால், அது ஒதுக்கிய இடத்தைத் தாண்டி வழிந்து, கணிப்பொறி அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று குறித்து வைத்திருக்கும் இடத்திலே போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் பிறகு வீட்டுக்காரன் சொல்வதைக் கணிப்பொறி கேட்காது. வந்தவன் சொல்வதைக் கேட்கும்.

ஜனவரி 25 என்றதும் நமக்கு மொழிப்போர் ஈகியர் நினைவுக்கு வருவார்கள். 2003-ஆம் ஆண்டின் அதே நாள், சனிக்கிழமை, நம் கடிகாரப்படி காலை 11 மணி அளவிலே, இந்த இரண்டிலே ஒன்றின் வழியாக ஒரு புழு நுழைந்தது. புழு என்றால் தன்னைத் தானே நகல் எடுத்துப் பரவும் நிரல். 'ஸ்லாமர்' என்று பெயர் வைத்தார்கள். அதன் அளவு 376 பைட்டு. ஓர் அஞ்சலட்டையிலே எழுதிவிடலாம். அது எந்தக் கோப்பையும் அழிக்கவில்லை. எந்தக் கணக்கிலும் பணம் எடுக்கவில்லை. செய்தது ஒன்றே ஒன்று: நுழைந்த கணிப்பொறியிலிருந்து, கண்ணை மூடிக்கொண்டு, கண்ட முகவரிக்கெல்லாம் தன் நகலை அனுப்பிக்கொண்டே இருந்தது.

எட்டரை நொடிக்கு ஒரு முறை அதன் கூட்டம் இரட்டிப்பானது. மூன்றே நிமிடத்தில், உலகம் முழுவதும் சேர்த்து நொடிக்கு 5 கோடியே 50 இலட்சம் முகவரிகளைத் தட்டிப் பார்க்கும் அளவுக்கு ஓங்கியது. பத்து நிமிடத்துக்குள், பிடிபடக்கூடிய கணிப்பொறிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிடிபட்டன. மொத்தம் குறைந்தது 75,000. அவ்வளவுதான், உலகத்தின் தந்தி வழிகள் எல்லாம் இந்த அஞ்சலட்டைகளால் அடைத்துப் போயின. ஓட்டையே இல்லாத கணிப்பொறி வைத்திருந்தவனும் தப்பவில்லை. அவன் வீட்டுக்குப் போகும் சாலையை அல்லவா அடைத்துவிட்டார்கள்!

தென்கொரியாவில் பிற்பகல் நேரம்; நாடளவில் இணையம் முடங்கியது. அமெரிக்காவிலே பாங்க் ஆஃப் அமெரிக்கா வங்கியின் 13,000 பணம் தரும் இயந்திரங்களில் பெரும்பாலானவை கை விரித்தன. காண்டினென்டல் விமான நிறுவனம் பயணச்சீட்டு முறை தடுமாறி விமானங்களை நிறுத்தியது. சியாட்டில் நகரை அடுத்த பெல்வியூவில், தீ பிடித்தது, மாரடைத்தது என்று மக்கள் கூப்பிடும் அவசர உதவி நிலையத்திலே கணிப்பொறி படுத்துவிட்டது. அங்கே இருந்த ஊழியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தாளையும் பென்சிலையும் எடுத்து எழுதத் தொடங்கினார்கள். கூப்பிட்டவர்களுக்கு வண்டி போயிற்று. இதையும் ஏட்டிலே குறித்து வைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் உலகை வளைத்த புழுவுக்கு எதிரே கடைசியாக நின்றது, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒருவரின் கையும் அந்தக் கையில் இருந்த பென்சிலும்தான்.

ஒகையோ மாநிலத்து டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்திலே நடந்தது இன்னும் அச்சம் தருவது. நிலையத்துக்கு வெளியே நல்ல மதில் சுவர் கட்டியிருந்தார்கள். 1434 எண் வாயிலை அந்தச் சுவர் அடைத்துத்தான் இருந்தது. ஆனால் ஓர் ஒப்பந்தக்காரரின் அலுவலகத்திலிருந்து நிறுவனத்துக்குள் வர ஒரு தனிவழி போட்டிருந்தார்கள். மதிலைச் சுற்றிக்கொண்டு போகும் கொல்லைப்புற வழி. புழு அதன் வழியாக வந்தது. அணு உலை நலமாக இருக்கிறதா என்று காட்டும் திரை 4 மணி 50 நிமிட நேரம் இருண்டு கிடந்தது. நல்லவேளையாக உலை ஏறத்தாழ ஓராண்டாகவே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. பழைய முள் காட்டும் கருவிகளும் இருந்தன. ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஓட்டைக்கு ஒட்டு வெளியாகி ஆறு திங்களும் ஒரு நாளும் ஆகியிருந்தன. நிலையத்தின் கணிப்பொறிப் பொறியாளர்களுக்கு அப்படி ஓர் ஒட்டு இருப்பதே தெரிந்திருக்கவில்லை.

இங்கேதான் வழக்கு தொடங்குகிறது, தோழர்களே! "நாங்கள்தான் ஆறு மாதத்துக்கு முன்பே ஒட்டுக் கொடுத்துவிட்டோமே! போட்டுக்கொள்ளாதது வாங்கியவர்களின் சோம்பல்" என்பது ஒரு கட்சி. அன்றும் சொன்னார்கள், இன்றும், எங்கே எது முடங்கினாலும் இதைத்தான் சொல்கிறார்கள். கேட்பதற்கு நியாயம் போலவே இருக்கிறது. மருந்து கொடுத்த பிறகும் விழுங்காதவனை யார் காப்பாற்றுவது?

சரி, விழுங்காதவர்கள் யார் யார் என்று பார்ப்போமே. முதல் ஆள், மைக்ரோசாப்ட் நிறுவனமே! ஆம், அந்த நிறுவனத்தின் சொந்த வலைப்பின்னலிலேயே ஒட்டுப் போடாத கணிப்பொறிகள் இருந்தன. புழு அங்கேயும் புகுந்து விளையாடியது. அதற்கு ஓராண்டுக்கு முன்னால்தான், 2002 ஜனவரியில், பில் கேட்ஸ் தம் ஊழியர்களுக்கு, நம்பத்தகுந்த கணிப்பொறியியலே இனி முதல் வேலை என்று மடல் எழுதியிருந்தார். மருந்து செய்தவர், மருந்தை விற்றவர், மருந்தின் பெருமையைப் பேசியவர், அவரே விழுங்கவில்லை என்றால், விழுங்குவதற்கு அது எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும்?

கசப்புத்தான். அந்த ஒட்டைப் போட வேண்டுமானால், ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்த வேண்டும். உரிய கோப்பைத் தேடி, கையால் எடுத்து, புதியதை அதே இடத்திலே வைக்க வேண்டும். நூறு கணிப்பொறி என்றால் நூறு முறை. வங்கிக் கணக்கு ஓடும் இயந்திரத்தை எந்த மேலாளர் பட்டப்பகலில் நிறுத்த விடுவார்? ஒட்டுப் போட்டு ஏதாவது கெட்டுப் போனால் வேலை போவது யாருக்கு? ஒட்டை எழுதியவருக்கா? இல்லை, இரவு முறையிலே அதைப் போட்டவருக்கு!

இன்னொரு கூட்டம் உண்டு. அவர்களிடம் அந்த மென்பொருள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. எஸ்.க்யூ.எல். சர்வரின் சிறு வடிவம் ஒன்றை, வேறு பல மேசைக் கணிப்பொறி மென்பொருள்களுக்குள்ளே வைத்துத் தைத்து விற்றிருந்தார்கள். 'விஷுவல் ஸ்டுடியோ' வாங்கியவரிடம் அது இருந்தது. படம் வரையும் 'விசியோ'வின் ஒரு பதிப்பை வாங்கியவரிடம் அது இருந்தது. சட்டைக்குள்ளே தைத்த பையிலே ஓட்டை என்றால், பை இருப்பதே தெரியாதவன் எப்படி ஒட்டுப் போடுவான்? அவனைச் சோம்பேறி என்று சொல்ல எவருக்கு நா எழும்?

நாமும் உத்தமர்கள் என்று சொல்லவரவில்லை. நம் அலுவலகத்திலே பக்கம் அமைக்கும் கணிப்பொறியின் மூலையிலே, "புதுப்பிக்க வேண்டும்" என்ற அறிவிப்பு பல வாரமாக எட்டிப் பார்க்கிறது. "பிறகு" என்ற பொத்தானை அழுத்தி அழுத்தி அந்த எலிக்கருவியே தேய்ந்துவிட்டது. ஏடு அச்சுக்குப் போகும் நேரத்திலே யாருக்கு மனம் வரும்? ஆனால், அந்த "பிறகு" சோம்பலிலே பிறந்ததா, நேரம் ஒதுக்கப்படாத வேலையிலே பிறந்ததா என்று கேட்டால், மேலதிகாரிகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

ஸ்லாமர் அடித்த அதே 2003-ஆம் ஆண்டு அக்டோபர் முதல், மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமைதோறும் ஒட்டு வெளியிடுவது என்று மைக்ரோசாப்ட் ஒரு முறை வகுத்தது. நல்ல ஏற்பாடு. என்றைக்கு வரும் என்று தெரிந்தால்தானே ஆள் போட்டு, நேரம் ஒதுக்கி வைக்க முடியும்? பிறகு ஒட்டுகள் தாமே வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பாடும் பெருகியது. "அப்படியானால் சிக்கல் தீர்ந்ததே" என்பார்கள். தீர்ந்ததா?

2024 ஜூலை 19. கணிப்பொறிகளுக்குக் காவல் இருக்கிறோம் என்று விற்பனை செய்யும் கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனம், உலகெங்கும் உள்ள தன் வாடிக்கையாளர்களின் கணிப்பொறிகளுக்கு ஒரே நேரத்திலே ஒரு புதுப்பிப்பை அனுப்பியது. யாரும் கேட்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. 21 கட்டங்கள் கொண்ட ஒரு படிவம். நிரப்ப வந்தது 20 விடைகள். இல்லாத இருபத்தோராவது விடையைத் தேடிப் போன கணிப்பொறி, நிலை தடுமாறி விழுந்தது. எழுப்பினால் மறுபடியும் விழுந்தது. 78 நிமிடத்திலே நிறுவனம் தவறை உணர்ந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குள் 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத் திரையோடு படுத்துவிட்டன. மருத்துவமனைகள், வங்கிகள், விமான நிலையங்கள்! நம் நாட்டு விமான நிலையங்களிலே பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுக் கொடுத்தார்கள். மறுபடியும் தாள், மறுபடியும் பேனா.

போக்கிரி யாரும் இல்லாமலே நடந்த கதவடைப்பு இது. காவல்காரனே வாசலிலே விழுந்து வழியை மறித்த கதை.

அதைச் சரி செய்தது யார்? நிறுவனத்தின் தலைவர் தொலைக்காட்சியிலே வருத்தம் தெரிவித்தார். ஆனால் விழுந்த கணிப்பொறி வலைப்பின்னலுக்கே வராது. தொலைவிலிருந்து எழுப்ப முடியாது. பராமரிப்புத் தொழிலாளர்கள் மேசை மேசையாகப் போனார்கள். ஒவ்வொன்றையும் தனி முறையிலே இயக்கி, குறிப்பிட்ட கோப்பைத் தேடி நீக்கினார்கள். பூட்டு முறை உள்ள கணிப்பொறிகளிலே அதற்கு முன் 48 இலக்கமுள்ள திறவுகோல் எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டும்.  இரவெல்லாம் இப்படித் தட்டியவர்களின் படம் எந்த ஏட்டிலும் வரவில்லை. அந்த நிறுவனம் அதன் பிறகுதான், புதுப்பிப்பைப் படிப்படியாக அனுப்புவோம், எப்போது பெறுவது என்று வாடிக்கையாளர் முடிவு செய்யலாம் என்று அறிவித்தது. முதலிலேயே அதைச் செய்திருக்கக் கூடாதா?

ஆக, ஒட்டைப் போடாமல் விட்டாலும் கதவடைப்பு. எவனோ ஒருவன் ஒரே மூச்சில் ஊருக்கெல்லாம் போட்டாலும் கதவடைப்பு. ஒட்டு நல்லதா கெட்டதா என்பதல்ல கேள்வி. எப்போது, யார் கையால், யாருடைய சோதனைக்குப் பிறகு என்பதுதான். அந்த முடிவை எடுக்கும் அதிகாரம், பழி ஏற்கும் தொழிலாளியிடம் இல்லை. எங்கோ ஒரு நிறுவனத்திடம் இருக்கிறது.

அந்த அதிகாரம் எங்கே போய் நிற்கிறது என்பதற்கு அண்மைச் சான்று வேண்டுமா? 2025 அக்டோபர் 14. அன்றோடு விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு ஒட்டுகள் முடிந்தன என்று மைக்ரோசாப்ட் சொல்லிவிட்டது. "விண்டோஸ் 11-க்கு மாறுங்கள், அது இலவசம்" என்கிறார்கள். இலவசம்தான். ஆனால் அது ஏறுவதற்கு டி.பி.எம். 2.0 என்ற சில்லு வேண்டும். செயலியும் அவர்கள் பட்டியலிலே உள்ள புதிய தலைமுறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறியை, வயது ஆகிவிட்டது, வெளியே போ என்கிறார்கள். புதுக் கணிப்பொறி வாங்குவதும் இலவசமா?

வாங்க முடியாதவர்களுக்கு ஒரு கடை திறந்தார்கள். நிறுவனங்களுக்கு ஒரு கணிப்பொறிக்கு முதல் ஆண்டு 61 டாலர். அடுத்த ஆண்டு அதைப் போல் இரட்டிப்பு. மூன்றாம் ஆண்டு அதையும் இரட்டிப்பு. மூன்றாண்டுக்குச் சேர்த்து 427 டாலர். வீட்டுக்காரர்களுக்கு 30 டாலர் அல்லது வேறு நிபந்தனை, அதுவும் 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டுக்கு மட்டும். பள்ளி, கல்லூரிகளுக்கு மட்டும் ஒரு டாலரிலே தொடங்கும் சலுகை.

நன்று! ஒரு டாலருக்குத் தர முடிகிறது. அதே ஒட்டுத்தான், எழுதிய கையும் ஒன்றுதான், அடைக்கும் ஓட்டையும் ஒன்றுதான். பள்ளிக்கூடத்துக் கணிப்பொறிக்கு ஒரு டாலர், பக்கத்துப் பட்டறைக் கணிப்பொறிக்கு 61 டாலர்! இது செலவுக் கணக்கா, வசூல் கணக்கா? அரிசியிலே கல் கலந்து விற்றவன், கல் பொறுக்கிக் கொடுக்கவும் கூலி கேட்கிறான். ஆண்டுக்கு ஆண்டு கூலியை இரட்டிப்பும் ஆக்குகிறான். ஊரிலே இப்படி ஒரு கடைக்காரன் இருந்தால் நாம் சும்மா இருப்போமா?

மிகைப்படுத்துகிறோம் என்று எவரேனும் நினைத்தால், 2017-ஐப் பார்க்கட்டும். அந்த ஆண்டு மே 12-ஆம் நாள் 'வான்னாக்ரை' என்ற புழு, கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் மக்கள் மருத்துவத் துறையிலே 80 மருத்துவ அமைப்புகள் பாதிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாயின. விண்டோஸ் 7 போன்றவற்றுக்கு மார்ச் 14-ஆம் நாளே ஒட்டு வெளியாகியிருந்தது. பிடிபட்டவற்றில் பெரும்பாலானவை அதைப் போடாத விண்டோஸ் 7-தான். ஆனால் பழைய விண்டோஸ் எக்ஸ்பி-க்கோ பொதுமக்களுக்கு ஒட்டு இல்லை, காலம் முடிந்துவிட்டது என்று சொல்லியிருந்தார்கள். புழு பரவிய மறுநாளே எக்ஸ்பி-க்கும் ஒட்டு வந்துவிட்டது, இலவசமாக! ஒரே இரவில் எழுதினார்களா? இல்லை. தனிக் கட்டணம் கட்டியவர்களுக்காக முன்பே எழுதி வைத்திருந்தார்கள். மருந்து பெட்டியிலே இருந்தது. ஊரிலே பிணி பரவிய பிறகுதான் பூட்டைத் திறந்தார்கள்.

"பழைய சரக்குக்கு எத்தனை காலந்தான் ஒட்டுத் தருவது? நிறுவனம் நடத்த வேண்டாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், மறுக்கவில்லை. காலமெல்லாம் தா என்று நாம் கேட்கவில்லை. எத்தனை ஆண்டு என்பதை விற்கிறவனே தனியாக உட்கார்ந்து தீர்மானிப்பதா, வாங்குகிற மக்களின் சட்டம் தீர்மானிப்பதா என்று கேட்கிறோம். ஒட்டுப் போடாத ஒரு கணிப்பொறி அதன் சொந்தக்காரனை மட்டுமா கெடுக்கிறது? 75,000 கணிப்பொறியின் ஓட்டை ஒரு நாட்டின் இணையத்தையே நிறுத்தியதைப் பார்த்தோம். குடிசையிலே பிடித்த தீ கோபுரத்துக்கும் போகும். காசு கட்டாதவன் கணிப்பொறியை ஓட்டையாகவே விடுவது, காசு கட்டியவனையும் சேர்த்துக் கெடுக்கும் வேலை.

ஐரோப்பாவிலே கேட்டார்கள், கிடைத்தது. விண்டோஸ் 10 ஒட்டுக்கு நிபந்தனை விதிக்கிறாயே என்று அங்குள்ள நுகர்வோர் அமைப்புகள் குரல் கொடுத்தன. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியைச் சேர்ந்த வீட்டுக்காரர்களுக்கு அந்த ஓராண்டு ஒட்டுக் கட்டணமில்லை என்று 2025 செப்டம்பரில் நிறுவனம் இறங்கி வந்தது. அதோடு நிற்கவில்லை. இணையத்தோடு சேரும் பொருள்களுக்கென்று ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் ஒரு சட்டமே செய்துவிட்டது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் நடைமுறைக்கு வருகின்றன. பொருள் குறைந்த காலமே பயன்படும் என்றாலொழிய, குறைந்தது ஐந்து ஆண்டுக்கு உற்பத்தியாளன் ஓட்டைகளை அடைத்துத் தர வேண்டும், பாதுகாப்பு ஒட்டுக்குப் பொதுவாகக் காசு வாங்கக் கூடாது, மீறினால் தண்டம். பாரிசிலும் பெர்லினிலும் இருக்கிற வீட்டுக் கணிப்பொறிக்கு இலவசம். பல்லடத்தில் இருக்கிற வீட்டுக் கணிப்பொறிக்குக் கட்டணம் அல்லது நிபந்தனை. ஓட்டையிலே இன வேறுபாடு இல்லை. ஒட்டிலே மட்டும் வந்துவிட்டது!

டில்லி என்ன செய்கிறது? ஒன்றிய அரசின் கணிப்பொறி அவசர உதவிக் குழு, செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28-இல் ஓர் ஆணை பிறப்பித்தது. தாக்குதல் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் தெரிவித்தாக வேண்டும். அடிபட்டவன் ஆறு மணி நேரத்துக்குள் கூவ வேண்டும் என்பது சரி. ஓட்டையோடு விற்றவன் எத்தனை நாளுக்குள் அடைக்க வேண்டும், எத்தனை ஆண்டுக்குக் காசில்லாமல் அடைக்க வேண்டும்? அந்த ஆணையிலே அப்படி ஒரு வரி இல்லை. அந்தக் குழு ஓட்டைகளைப் பற்றி எச்சரிக்கை அறிக்கைகள் விடுகிறது, பயனுள்ள வேலை. ஆனால் அவை ஆங்கிலத்தில் வெளியாகின்றன. திருப்பூரிலே இரண்டு கணிப்பொறி வைத்துக் கணக்கு எழுதும் பனியன் பட்டறைக்காரர் அந்த ஆங்கிலத்தைப் படித்து, எண்ணைக் கண்டுபிடித்து, ஒட்டைத் தேடிப் போட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அணுமின் நிலையத்துப் பொறியாளர்களுக்கே தெரியாமல் போன செய்தி, அவருக்கு எப்படிப் போய்ச் சேரும்?

விற்பவன் விற்கும் நாளிலேயே, இந்தப் பொருளுக்கு இந்த ஆண்டு வரை ஒட்டு உண்டு என்று அட்டையிலே அச்சிடட்டும், மாத்திரைப் பட்டையிலே நாள் அச்சிடுவது போல. அந்த நாள் வரை ஒட்டுக்குக் காசு இல்லை என்று சட்டம் சொல்லட்டும். அரசு அலுவலகத்துக்குக் கணிப்பொறி வாங்கும் ஒப்பந்தங்களிலே மாநில அரசு இதை இன்றே எழுதலாம். அதற்கு டில்லியின் இசைவு தேவையில்லை. பேருந்துப் பணிமனையிலே வண்டியை நிறுத்தி எண்ணெய் மாற்ற நேரம் விடுகிறார்கள். அதைப் போல் ஒட்டுப் போடும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும். ஒட்டுப் போட்டு இயந்திரம் படுத்தால், முறைப்படி போட்ட ஊழியர்மீது பழி விழக் கூடாது. தொழிற்சங்கத் தோழர்கள் தங்கள் அடுத்த பேச்சுவார்த்தைப் பட்டியலிலே பஞ்சப்படிக்குக் கீழே இதற்கும் ஒரு வரி ஒதுக்கலாம்.

இதை எழுதி முடித்த கையோடு, நம் அலுவலகக் கணிப்பொறியின் மூலையிலே அந்த அறிவிப்பு மறுபடியும் எட்டிப் பார்த்தது. இந்த முறை "பிறகு" அழுத்தவில்லை. பக்கம் அமைக்கும் தோழரைத் தேநீருக்கு அனுப்பிவிட்டுப் போட்டோம். நாற்பது நிமிடம் ஆயிற்று. இன்றைய ஏடு உங்கள் ஊருக்கு வழக்கத்தைவிடச் சற்றுத் தாமதமாக வந்திருந்தால், காரணம் அதுதான்.